துனிஸ் நகரத்தின் 'இன்தி'

அன்புள்ள ஐயா,

தோஹாவில் எங்கள் அலுவலகத்தில் துனிசியாக்காரர் ஒருவர் இருக்கிறார். ஆண்களையும் 'இன்தி' என்றே அழைக்கிறார். அது பெண்ணைக் குறிக்கும் 'நீ' என்று எகிப்திய நண்பர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இப்போது அவர்களிடம் மட்டும் 'இன்த்த' என்று மாற்றிக்கொள்கிறார். இலக்கணம் சிதைந்துபோன அரபியா அவருடையது?

ச., தோஹா

அன்புள்ள ச.,

சிதைவு ஒன்றுமில்லை. துனிஸ் நகரப் பேச்சில் முன்னிலை ஒருமைக்கு ஆண்பால், பெண்பால் பிரிவே கிடையாது. தகப்பனும் 'இன்தி', தாயும் 'இன்தி'. வினைச்சொல்லும் அதற்கு ஏற்பவே நடக்கும். 'எழுதுகிறாய்' என்பது இருவருக்கும் 'திக்திப்'. 'உன் புத்தகம்' இருவருக்கும் 'க்தாபிக்'. ஒழுங்கு குலையாத விதி இது. ஆணிடமும் பெண்ணிடமும் 'நீ வந்தாய்' என்றே சொல்லும் நாம் இதில் வியக்க என்ன இருக்கிறது?

சிரிப்பவர்களின் பேச்சையும் சற்றுக் கவனியுங்கள். ஃபுஸ்ஹா எனப்படும் ஏட்டு அரபியில் 'நீங்கள்' என்பதற்கும் பால் உண்டு: ஆண்களுக்கு 'அன்தும்', பெண்களுக்கு 'அன்துன்ன'. இருவர் மட்டும் இருந்தால் 'அன்துமா'. கெய்ரோவில் இந்த மூன்றும் கரைந்து 'இன்து' என்ற ஒரே சொல்லாகிவிட்டன. அதை ஒருவரும் குறையாகப் பேசுவதில்லை. எகிப்திய சினிமாவும் பாட்டும் அரபு நாடுகளின் வீடுகளுக்குள் எல்லாம் புகுந்து அந்தப் பேச்சைக் காதுக்குப் பழக்கிவிட்டன. துனிசியப் பேச்சுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. கெய்ரோ பன்மையில் விட்டதை துனிஸ் ஒருமையிலும் விட்டது, அவ்வளவுதான்.

துனிசியாவுக்குள்ளேயே நடப்பது இன்னும் கவனிக்கத்தக்கது. தெற்கே, நாடோடிக் குடிகளின் மரபில் வந்த பேச்சுகளில் 'இன்த்த', 'இன்தி' என்ற பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. இந்த இடத்தில் ஏட்டுக்கு நெருக்கமானவர்கள் தெற்கத்தியார்தான். 'காஃப்' எழுத்தில் நிலைமை தலைகீழ். நகரத்தார் அதை ஏட்டில் உள்ளபடி அடித்தொண்டையிலிருந்து ஒலிக்கிறார்கள். தெற்கத்தியார் வாயில் அது 'தங்கம்' என்பதில் வரும் ககரமாகிறது. ஏடுதான் அளவுகோல் என்றால் ஆளுக்கு ஒன்றில் வெற்றி கிடைத்திருக்க வேண்டும். ஆனால் இரண்டிலும் மதிப்பு நகரத்துக்கே. பிழைப்புக்காகத் தலைநகருக்கு வரும் தெற்கத்தியார் பலர் தம் ககரத்தையும் விடுகிறார்கள், ஏட்டோடு ஒத்துப்போகும் 'இன்த்த'வையும் விடுகிறார்கள். பட்டிக்காட்டான் என்ற பெயர் வாங்க யாருக்குத்தான் மனம் வரும்? இலக்கணத்தின் பெயரால் சொல்லப்படும் தீர்ப்பு பெரும்பாலும் பேசுகிறவரின் ஊரைப் பற்றிய தீர்ப்பு என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

மால்ட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். அரபியிலிருந்து கிளைத்த மால்ட்டிய மொழியிலும் முன்னிலை ஒருமையில் பால் கிடையாது. அது 1934-இல் ஆட்சிமொழியானது. 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று. துனிஸ்காரரை எந்த வழக்குக்காகக் கேலி செய்கிறார்களோ, அங்கே அதையே பள்ளிக்கூடத்தில் இலக்கணமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

உங்கள் நண்பர் தன் பேச்சை மாற்றிக்கொள்கிறார் என்பதுதான் என்னை வருத்துகிறது. உங்களிடமாவது 'இன்தி' என்றே பேசச் சொல்லுங்கள். எகிப்திய நண்பர்கள் அடுத்த முறை சிரித்தால், 'அன்துன்ன' எங்கே போயிற்று என்று கேளுங்கள்.