மூக்கு நரம்பைக் கருக்க ஒரு சூடான கம்பி போதாதா?

"நாட்பட்ட மூக்கழற்சிக்காக மூக்கின் பின்பக்க நரம்பைக் கருக்கும் கருவி, நுனி சூடாகும் கம்பிதானே? அதை வடிவமைக்க ஏன் ஆண்டுக்கணக்கில் ஆகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பயோமெடிக்கல் இறுதியாண்டு மாணவர் என்றும், ப்ராஜெக்டுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றும் ஊகிக்கிறேன், தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். "கம்பிதானே" என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. அமெரிக்காவில் ஒரு சிறு நிறுவனத்தில் மூன்றரை ஆண்டுகள் அந்தக் கம்பியோடுதான் குடும்பம் நடத்தினேன். எங்கள் கருவி சந்தைக்கு வராமலேயே நின்றுபோனது, ஆகையால் விளம்பரத்துக்காக எழுதுகிறேன் என்று யாரும் சொல்ல வழியில்லை. நான் மருத்துவன் அல்லன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நம் ஊரில் மூக்கு ஒழுகினால் எல்லாவற்றுக்கும் "சைனஸ்" என்றே பெயர். உண்மையில் பலருக்குச் சைனஸில் ஒன்றும் இருக்காது. மூக்குச் சவ்விலுள்ள சுரப்பிகளுக்கு நீரைச் சுரக்கச் சொல்லும் பாராசிம்பதெடிக் நரம்பு ஓயாமல் கட்டளையிட்டுக்கொண்டிருக்கும். அந்த நரம்பை அறுத்துவிடலாம் என்ற எண்ணம் புதிதன்று. இங்கிலாந்தில் கோல்டிங்-வுட் என்ற அறுவை மருத்துவர் 1961-இலேயே, இந்தக் கட்டளையைச் சுமந்துவரும் விடியன் நரம்பை அறுக்கும் முறையைப் பற்றி எழுதினார். மூக்கு காய்ந்தது, ஆனால் அதே நரம்பின் வழியாகத்தான் கண்ணீர்ச் சுரப்பிக்கும் கட்டளை போகிறது என்பதால் கண்ணும் சேர்ந்து காய்ந்தது. இன்றைய கருவிகள் அதற்கும் கீழே, நரம்பு முடிச்சைத் தாண்டி மூக்குக்கு மட்டும் பிரிந்து வருகிற பின் நாசி நரம்பை நாடுவது இதனால்தான்.

கடினம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த இடம் நாசித்துவாரத்திலிருந்து ஏறக்குறைய 6 முதல் 7 சென்டிமீட்டர் உள்ளே, நடு டர்பினேட்டின் (பக்கச்சுவரிலிருந்து சுருண்டு நீளும் எலும்பு மடிப்பு) பின்முனைக்கு அருகே, பக்கச்சுவரில் இருக்கிறது. நரம்பு சவ்வுக்கு அடியில் ஓடுவதால் எண்டோஸ்கோப்பில் தெரியாது. மருத்துவர் எலும்பின் அடையாளத்தை வைத்துக்கொண்டு, இங்கேதான் இருக்க வேண்டும் என்று நம்பித்தான் நுனியை வைக்கிறார். போதாக்குறைக்கு, ஒரே நரம்பு என்று படத்தில் வரைந்தாலும் சிறு கிளைகள் தனித்தனி எலும்புத் துளைகள் வழியாகவும் வருகின்றன. மூக்குக்கு இரத்தம் கொண்டுவரும் ஸ்பீனோபாலட்டைன் தமனியும் பக்கத்திலேயே ஓடுகிறது. ஆகவே கருவி அகலமாக வேலை செய்ய வேண்டும், ஆழமாக வேலை செய்யக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அத்தனை ஆண்டுகள் ஆகின்றன.

குளிரால் முடக்குவது ஒரு வழி. அமெரிக்காவில் 2017-இல் அனுமதி பெற்ற கிளாரிஃபிக்ஸ் என்ற கருவி, நைட்ரஸ் ஆக்சைடைச் சிறு பலூனுக்குள் ஆவியாக்குகிறது; அந்த வாயுவின் கொதிநிலையே சுமார் மைனஸ் 88 டிகிரி செல்சியஸ். குளிர் நரம்பிழையைச் சாகடித்தாலும் அதைச் சுற்றிய கொலாஜன் உறையைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். ஐஸ்கிரீமை அவசரமாகக் கடித்தால் நெற்றியில் குத்துமே, அப்படிப்பட்ட தலைவலி சிலருக்குச் சிறிது நேரம் இருக்கும். எங்களுடையது மற்றொரு வழி: ரேடியோ அலை மின்னோட்டத்தால் திசுவைச் சுமார் 60 டிகிரிக்குச் சூடாக்கி அங்கேயே நிறுத்துவது. கம்பி சூடாவதில்லை, ஐயா. மின்னோட்டம் பாய்வதால் திசுதான் சூடாகிறது. இரண்டு மின்முனைகளுக்கு இடையிலுள்ள தூரமும், அவை சவ்வில் எப்படி அமர்கின்றன என்பதும் ஆழத்தைப் பெருமளவில் தீர்மானிக்கின்றன.

எங்கள் முதல் நுனி தட்டையாக, பளபளவென்று, பார்க்க அழகாக இருந்தது. கோழி நெஞ்சுக்கறியில் நூற்றுக்கணக்கான முறை சோதித்தோம். 60 டிகிரியை எட்டினால் கறி வெளுக்கும். வெட்டி, வெளுத்த வட்டத்தின் ஆழத்தை வெர்னியரால் அளப்போம். ஒவ்வொரு முறையும் ஒரே ஆழம். அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, தானம் செய்யப்பட்ட உடல்களில் பயிற்சி நடக்கும் கூடத்துக்குப் பெருமையோடு போனேன்.

மூத்த அறுவை மருத்துவர் ஒருவர் இடக்கையில் எண்டோஸ்கோப்பையும் வலக்கையில் எங்கள் கருவியையும் பிடித்து, வலது நாசியில் ஒரு முறை செய்தார். அடுத்து இடது நாசி. நுனி எதிர்ப்பக்கச் சுவரைப் பார்க்க வேண்டும் என்பதால் கைப்பிடியை 180 டிகிரி திருப்பினார். கட்டைவிரலால் அழுத்த வேண்டிய பொத்தான் கைக்கு அடியில் போய்விட்டது. சுண்டுவிரலால் தேடி அழுத்தியபோது நுனி இரண்டு மில்லிமீட்டராவது நகர்ந்ததைத் திரையில் பார்த்தேன். மனிதனுக்கு இரண்டு நாசி உண்டு என்பதை ஆறு பொறியாளர்கள் சேர்ந்து மறந்திருந்தோம். பின்னர் பொத்தானைக் கழற்றிவிட்டுக் காலால் அழுத்தும் சுவிட்ச் வைத்தோம்.

அதைவிடப் பெரிய அவமானம், கருவியை அவர் வெளியே எடுத்தபோது நேர்ந்தது. நுனியை விளக்கின் கீழே காட்டி, ஒன்றும் பேசாமல் என் பக்கம் நீட்டினார். தட்டின் ஓரத்தில் கடுகுத் தோல் அளவுக்குக் கருகிய சவ்வு ஒட்டியிருந்தது. மூக்கின் பக்கச்சுவர் வளைந்தது, எங்கள் தட்டு வளையாதது. ஓரங்கள் மட்டும் தொட்டதால் மின்னோட்டம் முழுவதும் அங்கே குவிந்து கருக்கிவிட்டது. "உயிருள்ளவராக இருந்திருந்தால் இப்போது இரத்தத்தை அடைத்துக்கொண்டிருப்போம்" என்று மட்டும் சொன்னார். உயிருள்ளவரிடம் இன்னொரு சிக்கலும் உண்டு: ஓடும் இரத்தம் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவதால், பிணத்திலும் கோழியிலும் கிடைத்த ஆழம் அங்கே அப்படியே கிடைக்காது.

அதன் பிறகு தட்டை விட்டுவிட்டு, வளைந்துகொடுக்கும் பரப்பில் சிறுசிறு மின்முனைகளை வரிசையாக வைத்தோம். நடுவில் வெப்பநிலையை அளக்க ஒரு தெர்மோகப்பிள்; மின்மறிப்பு, அதாவது மின்னோட்டத்துக்குத் திசு காட்டும் தடை, திடீரென்று ஏறினால் ஜெனரேட்டர் தானே நின்றுவிடும். அந்த வரிசையை முதலில் காகிதத்தில் வரைந்தவன் நான். காப்புரிமை விண்ணப்பத்தில் இருந்த நான்கு பெயர்களில் என் பெயர் இல்லை. விசா காலத்தில் வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை. அவ்வளவுதான், அதை விடுங்கள்.

இதெல்லாம் வெறும் போலிநம்பிக்கை (பிளாசிபோ) வைத்தியம் என்று சொல்ல ஒருவர் வருவார், எனவே அதையும் எழுதிவிடுகிறேன். 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், ரேடியோ அலைச் சிகிச்சை உண்மையாகப் பெற்றவர்களில் மூன்று மாத முடிவில் 67.5 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க நிவாரணம் இருந்தது. கருவியை உள்ளே வைத்து இயக்காமலே எடுக்கப்பட்டவர்களிலும் 41 விழுக்காட்டினர் அதே நிவாரணத்தைச் சொன்னார்கள். இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். எனக்கே தூசி ஒவ்வாமையும் மூக்கொழுகலும் உண்டு. ஸ்பிரேயில் அடங்குவதால் நான் இதைச் செய்துகொள்ளவில்லை.

ப்ராஜெக்டாகச் செய்வதென்றால் ஜெனரேட்டர் வாங்கப் பணம் தேடுவதற்கு முன் நுனியின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கோழிக்கறியை 37 டிகிரி உப்புநீரில் ஊறவைத்துச் சோதியுங்கள். கறியைப் பலகையில் விரிக்காமல், ஒரு கிண்ணத்தின் உட்புற வளைவில் ஒட்டிவையுங்கள். நாங்கள் பலகையில்தான் விரித்திருந்தோம்.