பெருநகரத்துக்குள்ளே கிராமம் போல ஒரு பகுதி: அங்கே வாழ்வதில் அப்படி என்ன சுகம்?

எல்லா வசதியும் உள்ள அடுக்குமாடிகளை விட்டுவிட்டு, நகரத்துக்குள் கிராமம் போல இருக்கும் பழைய தெருக்களைச் சிலர் ஏன் தேடிப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பதினோரு வருடமாக அப்படி ஒரு தெருவில்தான் இருக்கிறேன்.

மரங்கள், பழைய வீடுகள், அமைதி என்று பலரும் சொல்வார்கள். எனக்கு முதலில் தோன்றுவது தெருவின் வளைவு. நகரம் வந்து சேர்வதற்கு முன்பே நடந்து நடந்து உண்டான பாதை அது. நேராகவும் இருக்காது, அகலமாகவும் இருக்காது. வண்டிகள் மெதுவாகத்தான் வர முடியும். எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப் போக முடியாது. பார்த்த முகத்துக்குக் கொஞ்ச நாளில் தலையசைப்போம், அப்புறம் பேச்சு தானாக வந்துவிடும்.

போன வருடம் மழை நேரத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டேன். இரண்டாம் நாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டுப் பெரியவர், கையில் குடை. "நேத்திலேர்ந்து கொடியில துண்டு நனைஞ்சுக்கிட்டே இருக்கு, எடுக்கக் காணோமே தம்பி, அதான் பார்க்க வந்தேன்" என்றார். அதுவரை அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. என் கொடியில் கிடந்த துண்டு அவருக்குத் தெரிந்திருக்கிறது!

நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜும் இப்படி நகரத்துக்குள் அகப்பட்ட ஊர்தான். 1811-இல் அது இருக்கும் மன்ஹாட்டன் தீவுக்குக் கட்டம் கட்டமாகத் தெருத் திட்டம் போட்டபோது கிரீன்விச்சில் ஏற்கெனவே ஊர் இருந்தது. அதனால் கோணல் தெருக்கள் தப்பித்தன. கட்டத் திட்டத்தில் எண் போட்ட தெருக்கள் ஒன்றையொன்று வெட்டாமல் இணையாகப் போகும்; இங்கேயோ மேற்கு 4-ஆம் தெரு இன்றும் மேற்கு 10, 11, 12-ஆம் தெருக்களை வெட்டிக்கொண்டு போகிறது. 1950-களில் அங்குள்ள வாஷிங்டன் சதுக்கப் பூங்கா வழியாகப் பெரிய சாலை போடப் பார்த்தார்கள். முன்னின்று எதிர்த்தவர்களில் பலர் அங்கே பிள்ளைகளை விளையாட விடும் தாய்மார்கள். சாலைத் திட்டமும் நின்றது, பூங்காவுக்குள் அதுவரை ஓடிய வண்டிகளும் நின்றன. அந்தப் போராட்டத்தில் சேர்ந்த, நகரங்களைப் பற்றி எழுதிய எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் அங்கேயே குடியிருந்தவர். ஒரு தெருவின் பாதுகாப்புக்குப் போலீஸ் மட்டும் போதாது, வாசலிலும் ஜன்னலிலும் இருக்கும் சாதாரண மனிதர்களின் பார்வை வேண்டும் என்று எழுதினார். கொடியில் நனைந்த துண்டைப் பார்த்த கண்ணும் அதுதானே.

சரி, நாம் எப்போது வருகிறோம், யார் வந்து போகிறார்கள் என்பதெல்லாமும் அந்தக் கண்ணில் படும். சிலருக்கு இது மூச்சு முட்டும். எனக்கு முட்டவில்லை, காரணம் இது நகரம். ஐந்து நிமிடம் நடந்தால் பெரிய சாலை, அங்கே என்னை யாருக்கும் தெரியாது. வேலை, நூலகம், மருத்துவமனை எல்லாம் பக்கத்தில். நிஜக் கிராமத்தில் இப்படி நினைத்தபோது வெளியே போய், நினைத்தபோது திரும்பிவர முடியாது. இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பதைத்தான் நான் சுகம் என்கிறேன்.

ஒரே கவலை வாடகை. இடம் அழகு என்று பெயர் வாங்கியதும் வாடகை ஏறும், வருடக்கணக்கில் இருந்தவர்கள் கிளம்ப வேண்டியதாகிவிடும். அவர்கள் போன பிறகு கோணல் தெரு மட்டும் மிஞ்சி என்ன பயன்?

நீங்கள் வீடு தேடுவதாக இருந்தால், ஒரு வேலைநாள் சாயங்காலம் போய் மெதுவாக நடந்து பாருங்கள். "யாரைத் தேடறீங்க?" என்று ஒருவராவது கேட்டால், காலி வீடு இருக்கிறதா என்று அவரிடமே விசாரித்துவிடுங்கள்.