தூய கணிதமா, வங்கித் தேர்வா?

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தூய கணிதத்தில் ஆராய்ச்சி செய்ய ஆசை. வங்கியில் வேலை செய்யும் என் சித்தப்பாவோ, "கணக்கு நன்றாக வருகிறதே, வங்கித் தேர்வு எழுது" என்கிறார். அப்பாவுக்கு வருமானம் குறைவு. பிஎச்.டி. முடியும்வரை வீட்டில் பணம் கேட்க வேண்டியிருக்குமா?

பதில்: பணத்தைப் பிறகு பேசுவோம். சித்தப்பா சொல்லும் கணக்கும் நீங்கள் விரும்பும் கணிதமும் ஒன்றல்ல. வங்கித் தேர்வு கேட்பது வேகம். விகிதம், சதவீதம், வட்டி எல்லாம் பள்ளிப் பாடம்தான். தூய கணிதம் கேட்பது நிரூபணம். நம் கல்லூரிகளில் பலர் தேற்றத்தை மனப்பாடம் செய்தே முதல் வகுப்பு வாங்கிவிடுகிறார்கள். அதனால் மதிப்பெண்ணை வைத்து உங்களை எடைபோடாதீர்கள்.

இப்படிச் சோதித்துப் பாருங்கள். மூடிய இடைவெளியில் (இரு முனைகளும் சேர்ந்தது) தொடர்ச்சியான சார்பு வரம்புடையது, அதாவது அதன் மதிப்புகள் ஓர் அளவைத் தாண்டாது என்ற தேற்றத்தை ரியல் அனாலிசிஸில் படித்திருப்பீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு அதன் நிரூபணத்தை எழுதுங்கள். பிறகு 'மூடிய' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 0-வை விட்டுவிட்டு, 0-வுக்கும் 1-க்கும் இடையே 1/x வரம்பின்றி உயர்கிறது. அப்படியென்றால் உங்கள் நிரூபணம் எந்த வரியில் உடைகிறது? ஒரு புள்ளியை நோக்கிக் குவியும் உட்தொடர்வரிசை ஒன்று கிடைக்கும். ஆனால் அதன் எல்லை இடைவெளிக்கு வெளியே போய் விழலாம் என்பதை நீங்களே கண்டுபிடித்தால், கண்டுபிடித்தபின் சாப்பாட்டு நேரம் போனதே தெரியாமல் இருந்தால், உங்கள் ஆசை உண்மையானது. எரிச்சல்தான் வந்தது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சித்தப்பா சொல்வதைக் கேளுங்கள்.

ஆசை உண்மை என்றால், அடுத்த படி நல்ல எம்.எஸ்சி. ஐ.ஐ.டி.க்களில் சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். விண்ணப்பம் பெரும்பாலும் செப்டம்பரில், தேர்வு பிப்ரவரியில். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் இந்தத் தேர்வே வழி. சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகம் தனியாக நுழைவுத் தேர்வு நடத்துகிறது. அதன் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன. நிரூபணம் எழுதச் சொல்லும் கேள்விகள் அவற்றில் உண்டு என்பதால், அங்கே சேராவிட்டாலும் அவற்றைப் போட்டுப் பாருங்கள். பயிற்சி மையக் கையேடு எதுவும் இவ்வளவு கற்றுத்தராது. 1993 முதல் நடக்கும் எம்.டி.டி.எஸ். என்ற கணிதக் கோடைக்காலப் பயிற்சிக்கும் விண்ணப்பியுங்கள். சொல்லிக்கொடுப்பதைக் குறைத்து, மாணவர்களைக் கேள்வி கேட்டே யோசிக்கவைப்பார்கள்.

இனிப் பணம். எம்.எஸ்சி. இரண்டு ஆண்டுகள்தான் கொஞ்சம் நெருக்கடியாக இருக்கும். தேசிய உயர் கணித வாரியம் தேர்வு வைத்து உதவித்தொகை தருகிறது, அதை முயலுங்கள். பிஎச்.டி.யில் நிலைமை வேறு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 ஜனவரியில் உயர்த்தப்பட்ட விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. வீட்டில் கேட்க வேண்டாம், சிக்கனமாக இருந்தால் வீட்டுக்கே அனுப்பலாம். 1962-இல் தொடங்கி இப்போது சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை சேரும் ஆய்வு மாணவர்களுக்குத் தாமே உதவித்தொகை தருகின்றன. இதில் எனக்குப் பிடிவாதமான கருத்து ஒன்று உண்டு: உதவித்தொகை இல்லாத பிஎச்.டி.யில் சேராதீர்கள். கைக்காசு போட்டுச் சேர்ந்து, நடுவில் டியூஷன் எடுக்கப் போய், ஆய்வேட்டை ஆண்டுக்கணக்கில் இழுத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பிஎச்.டி. முடிந்தவுடன் நிரந்தர வேலை கிடைப்பது அரிது. முனைவருக்குப் பிந்தைய ஆய்வு என்று ஊர் ஊராக, சில சமயம் நாடு நாடாக, இரண்டு மூன்று ஆண்டுகள் அலைய வேண்டியிருக்கும். திருமணப் பேச்சு அந்த நேரத்தில்தான் வீட்டில் சூடுபிடிக்கும். அப்பா அம்மாவிடம் இதை இப்போதே பேசிவிடுவது நல்லது.

சித்தப்பாவிடமும் ஒரு கணக்குச் சொல்லுங்கள். ஐ.பி.பி.எஸ். நடத்தும் வங்கி அதிகாரி தேர்வை 30 வயதுவரை எழுதலாம். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அதற்கு மேலும் சலுகை உண்டு. உங்களுக்கு எம்.எஸ்சி. முடியும்போது 22 அல்லது 23 வயதுதான் இருக்கும்.