பிளாட்டினி, ஜிடான் அளவுக்குப் பேசப்படாத பிரெஞ்சு நடுகள வீரர் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

ழான் டிகானா. இதற்கு நான் அதிகம் யோசிக்கவில்லை.

கேள்விக்குக் கீழே, "அவர் நாட்டுக்காக எத்தனை கோல் அடித்தார் என்பதையும் சொல்லுங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அதை முதலில் முடித்துவிடுகிறேன். 52 ஆட்டங்களில் ஒன்றே ஒன்று. 1986 உலகக் கோப்பையில் மெக்சிகோவின் லெயோன் நகரில் ஹங்கேரிக்கு எதிராக அடித்தது. அந்த ஆட்டத்தில் பிரான்ஸ் 3-0 என்று வென்றது, ஆகவே அந்த ஒரு கோல் இல்லாவிட்டாலும் வெற்றிக்குக் குறைவில்லை. இதை மட்டும் வைத்து எடை போடுவதென்றால் பதில் இங்கேயே முடிந்துவிடும். ஆனால் 1984-இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருதின் வாக்கெடுப்பில் பிளாட்டினிக்கு அடுத்த இடத்தில் வந்தவர் இந்த டிகானாதான். வாக்களித்தவர்கள் கால்பந்துப் பத்திரிகையாளர்கள். அவர் கோல் அடிப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாத செய்தி அல்ல.

பிறந்தது 1955 ஜூன் 23, பமாகோவில். இன்று மாலியின் தலைநகரம், அன்று பிரெஞ்சு சூடான் என்ற காலனியின் நகரம். சிறு வயதிலேயே குடும்பம் மார்செய்க்கு வந்துவிட்டது. பிளாட்டினி அவரைவிட இரண்டே இரண்டு நாள் மூத்தவர். பிளாட்டினி 17 வயதில் நான்சி கிளப்பின் முதல் அணியில் ஆடிவிட்டார். டிகானாவோ இருபது வயதில்தான் இரண்டாம் பிரிவில் இருந்த டூலோன் கிளப்பில் இடம் பிடித்தார். அந்தக் காலத்தில் வயிற்றுப்பாட்டுக்கு ஸ்பெகட்டி தொழிற்சாலையில் வேலை பார்த்தார், தபால்காரராகவும் இருந்தார். பதின்ம வயதிலேயே பயிற்சி மையங்களில் சேர்த்துச் செதுக்கும் இன்றைய முறையில் இப்படி ஒருவர் தப்பித் தவறி மேலே வருவது கடினம்.

1978-இல் லியோன் கிளப் டிகானாவை எடுத்துக்கொண்டது. அங்கே பயிற்சியாளராக இருந்தவர் ஏமே ஜாக்கே. ஆம், இருபது ஆண்டு கழித்து பிரான்சுக்கு முதல் உலகக் கோப்பையை வென்று தந்த அதே ஜாக்கே. அவர் 1980-இல் போர்தோ (Bordeaux) கிளப்புக்குப் போனார், மறு ஆண்டே டிகானாவும் அங்கே போய்ச் சேர்ந்தார். தேசிய அணிக்கு முதல்முறை ஆடியபோது ஏறத்தாழ 25 வயது.

இனி அவருடைய ஆட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் பலரும் அவரைத் தவறான பெட்டியில் போடுகிறார்கள். "தற்காப்பு நடுகள வீரர்" என்று எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். எதிரியிடமிருந்து பந்தைப் பறித்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு நின்றுவிடும் ஆள் அல்ல அவர். பின்களத்தில் பந்தை வாங்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தியபடி, ஆடுகளத்தின் நடுவிலேயே அறுபது எழுபது மீட்டர் ஓடுவார். உயரம் 168 சென்டிமீட்டர்தான், உடம்பும் ஒல்லி. இடித்துத் தள்ளிக்கொண்டு போகும் ஓட்டம் அல்ல அது, எதிரியின் கால் வந்து சேர்வதற்குள் அந்த இடத்தைக் காலி செய்துவிடும் ஓட்டம். அவர் ஓடத் தொடங்கியதும் எதிரணியின் இரண்டு பேராவது தங்கள் இடத்தை விட்டு வரவேண்டியிருக்கும். அப்படித் திறந்த இடத்தில்தான் பிளாட்டினியும் இன்னொரு நடுகள வீரரான ஜிரெஸும் பந்தை வாங்கினார்கள்.

1982 உலகக் கோப்பையில், ஸ்பெயினின் செவில் நகரில் நடந்த அரையிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஜெர்மனி கோல்கீப்பர் ஷூமாக்கர் பிரெஞ்சு வீரர் பாட்டிஸ்டோனை இடித்து வீழ்த்திய ஆட்டம் என்றே அது நினைவில் நிற்கிறது. எனக்கு அதில் வியப்பு வேறு. மேற்கு ஜெர்மனிக்கு எதிரான உலகக் கோப்பை அரையிறுதியில் பயிற்சியாளர் இடால்கோ நடுகளத்தில் இறக்கியவர்கள் பிளாட்டினி, ஜிரெஸ், ஜங்கினி, டிகானா. முதல் மூவரும் கற்பனையோடு பாஸ் கொடுக்கும் வீரர்கள். மூவரையும் ஒன்றாக ஆடவிடும் துணிச்சல் ஒரு பயிற்சியாளருக்கு வருகிறதென்றால், நான்காவது ஆள் மூன்று பேர் ஓட்டத்தை ஓடுவார் என்ற நம்பிக்கைதான் காரணம். கூடுதல் நேரத்தில் 3-1 என்று முன்னணியில் இருந்தும் பிரான்ஸ் 3-3 ஆகவிட்டு, பெனால்டியில் தோற்றது. அதற்குப் பிறகுதான் லூயி ஃபெர்னாண்டஸ் வந்தார். பந்தைப் பறிக்கும் வேலையை அவர் ஏற்றுக்கொண்டதும் டிகானாவின் கால் இன்னும் விடுதலையானது. பிளாட்டினி, ஜிரெஸ், டிகானா, ஃபெர்னாண்டஸ் என்ற இந்த நால்வரைத்தான் "மாயச் சதுரம்" என்று பிரெஞ்சுப் பத்திரிகைகள் கொண்டாடின. ஃபெர்னாண்டஸ் பிறந்தது ஸ்பெயினின் தரிஃபாவில், டிகானா பமாகோவில், பிளாட்டினியின் முன்னோர்கள் இத்தாலியர். பல இனத்தவர் கலந்த பிரெஞ்சு அணி 1998-இல்தான் பிறந்தது போல எழுதுபவர்கள் இந்த அணியின் பெயர்ப் பட்டியலை ஒருமுறை பார்க்கலாம்.

அடுத்து 1984 ஜூன் 23. ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி, போர்ச்சுகலுக்கு எதிராக. நடந்தது மார்செயில், அவர் வளர்ந்த ஊரில். அன்று அவருக்கு 29-வது பிறந்தநாள். வேடிக்கை அதோடு நிற்கவில்லை. அன்றைய இடதுபக்கப் பின்கள வீரர் டொமெர்க்கும் அதே தேதியில் பிறந்தவர், அவருக்கு 27. மைதானத்தின் ஓரத்தில் பந்து எடுத்துக் கொடுத்த சிறுவர்களில் ஒருவனுக்கு அன்று 12 வயது முடிந்தது, பெயர் ஜிடான். நட்சத்திரப் பலன் பார்ப்பவர்களிடம் கொடுத்தால் ஒரு வாரத்துக்குப் பேசுவார்கள்.

டொமெர்க் ஃப்ரீ கிக்கில் முதல் கோல் அடித்தார். பிறகு பிரான்ஸ் அடித்ததையெல்லாம் போர்ச்சுகல் கோல்கீப்பர் பெந்தோ தடுத்துக்கொண்டே இருந்தார். 74-வது நிமிடத்தில் ஜோர்டாவோ தலையால் முட்டிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் 98-வது நிமிடத்தில் அதே ஜோர்டாவோ இன்னொன்றும் அடித்தார். இரண்டுக்கும் பந்தைக் கொடுத்தவர் ஷலானா. சொந்த மண்ணில் நடக்கும் போட்டியில் பிரான்ஸ் வெளியேறும் நிலை. 114-வது நிமிடத்தில் டொமெர்க் மீண்டும் கோல் அடித்து 2-2 ஆக்கினார். இன்னும் ஆறு நிமிடம் போனால் பெனால்டி. செவில் நினைவிருக்கும் எந்தப் பிரெஞ்சுக்காரனும் பெனால்டியை விரும்பியிருக்க மாட்டான்.

119-வது நிமிடம். இரு அணியிலும் முக்கால்வாசிப் பேர் நடந்துகொண்டிருந்தார்கள். டிகானா பந்தோடு ஓடினார். பெனால்டி பெட்டியின் வலது பக்கம் புகுந்து, எல்லைக்கோடு வரை போய், பந்தைத் தரையோடு பின்னோக்கி இழுத்துக் கொடுத்தார். கோலுக்கு முன்னால் கூட்டத்துக்கு நடுவில் நின்ற பிளாட்டினி, நிதானமாகப் பந்தை நிறுத்தி, வலைக்குள் அடித்தார். 3-2. பதிவேட்டில் அந்தக் கோல் பிளாட்டினியின் பெயரில் இருக்கிறது. அந்தத் தொடரில் ஐந்து ஆட்டங்களில் அவர் அடித்த ஒன்பது கோல்களில் ஒன்று. அதைப் பறிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் இரண்டு மணி நேரம் ஆடி முடித்த ஒருவர் அந்த நிமிடத்தில் அப்படி ஓடமுடிந்ததுதான் அந்தக் கோலின் பாதிக்குமேல் என்று சொல்வேன். நான்கு நாள் கழித்துப் பாரிசில் ஸ்பெயினுடன் இறுதியாட்டம். 2-0 வெற்றியில், கடைசி நிமிடத்தில் பெல்லோனுக்குக் கோல் வாய்ப்பைத் திறந்துவிட்ட பாஸும் டிகானாவுடையதே.

கிளப் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லலாம். டிகானா வரும்வரை போர்தோ 1950-க்குப் பிறகு பிரெஞ்சு லீக்கை வென்றதே இல்லை. அவர் இருந்த காலத்தில் 1984, 1985, 1987 என மூன்று முறை வென்றது, இரண்டு முறை பிரெஞ்சுக் கோப்பையும். 1985-இல் ஐரோப்பிய சாம்பியன் கோப்பையின் அரையிறுதியில் பிளாட்டினி ஆடிய யுவென்டஸை எதிர்கொண்டது. டூரினில் 0-3 என்று தோற்று, சொந்த ஊரில் 2-0 என்று வென்று, ஒரே கோல் வித்தியாசத்தில் வெளியேறியது. பெரிய இத்தாலிய, ஸ்பானிஷ் கிளப்புகளுக்குப் போகாமல் கடைசிவரை பிரான்சிலேயே ஆடியதும் அவர் பெயர் வெளியே பரவாததற்கு ஒரு காரணம். கடைசியாக 1989 முதல் இரண்டு ஆண்டுகள் மார்செய் அணியில் ஆடி, மேலும் இரண்டு லீக் பட்டங்களோடு முடித்துக்கொண்டார்.

1986 உலகக் கோப்பையைத் தூர்தர்ஷனில் நள்ளிரவில் பார்த்த தலைமுறை நான். எங்கள் வீட்டில் எல்லோரும் பிரேசிலுக்காக விழித்திருந்தோம். குவாடலஹாராவில் நடந்த காலிறுதியில் பிரான்ஸ் 1-1 என்று சமன் செய்து பெனால்டியில் வென்றபோது வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. உலகக் கோப்பையில் நான் பார்த்த மிகச் சிறந்த நடுகளப் போர் இன்றைக்கும் அதுதான். அதில் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஓய்வில்லாமல் போய்வந்தவர் டிகானா. அரையிறுதியில் மறுபடியும் மேற்கு ஜெர்மனி, மறுபடியும் தோல்வி.

பயிற்சியாளராகவும் அவர் சாதித்தார். வாயில் பல்குத்தும் குச்சியோடு கோட்டருகே நிற்கும் அந்த உருவத்தைச் சிலர் பார்த்திருக்கலாம். 1997-இல் மொனாகோவுக்கு லீக் பட்டம், அடுத்த ஆண்டு இளம் ஆன்றியும் ட்ரெஸகேயும் இருந்த அணியோடு மான்செஸ்டர் யுனைடெட்டை வெளியேற்றி சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, 2001-இல் ஃபுல்ஹாமை 101 புள்ளிகளுடன் இங்கிலாந்தின் உச்சப் பிரிவான பிரீமியர் லீக்குக்கு உயர்த்தியது. இவையெல்லாம் தனிப் பதிலுக்குரியவை.

போர்ச்சுகல் ஆட்டத்தின் காணொளியைத் தேடிப் பார்ப்பதாக இருந்தால், கடைசிக் கோலை மட்டும் தனியாக வெட்டிப் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். ஜோர்டாவோவின் இரண்டாவது கோலிலிருந்து தொடங்கி, பந்து யாரிடம் இருந்தாலும் டிகானா எங்கே இருக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். சட்டை முழுக்க வெளியே தொங்கிக்கொண்டிருக்கும் சிறிய உருவம், கண்டுபிடிப்பது எளிது.