தேதியைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: ஊரடங்குக்கால இறுதிச் சடங்குகள் பற்றிய கேள்வி-பதில்

கொரோனா ஊரடங்கின்போது இறுதி ஊர்வலங்களில் கூடிய கூட்டத்தைக் காவல்துறை எப்படிக் கையாண்டது என்று எழுதியதற்கு ஏகப்பட்ட கடிதங்கள். பாதிக்கு மேல் எந்த நாடு, எந்தத் தேதி என்ற விவரமே இல்லை. பந்தோபஸ்து வேலையில் காலம் கழித்தவன் என்ற முறையில் முதலில் கேட்பது அதைத்தான். தேதி இல்லாத கேள்விக்குச் சட்டத்தில் பதில் கிடையாது.

கேள்வி: ஊரடங்கில் சாவுக்கு எத்தனை பேர் போகலாம்?

பார்த்தீர்களா, தேதி இல்லை. இந்தியா முழுவதற்குமாக 2020 மார்ச் 24-ல் வந்த மத்திய உள்துறையின் முதல் உத்தரவில் 20 பேர். தமிழ்நாட்டில் 2021 ஏப்ரல் தொடக்கத்தில் 50, அதே மாதக் கடைசியில் 25, மே மாதம் 20. அப்புறம் 2022 ஜனவரியில் மறுபடி 50. ஒரே மாநிலத்தில் நான்கு கட்டங்கள், மூன்று எண்கள். இங்கிலாந்தில் 2021 ஏப்ரலில் 30. அரசி எலிசபெத்தின் கணவர் இளவரசர் பிலிப்பின் இறுதிச் சடங்குக்கும் அதே 30-தான், அரசி தனியாக ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார். எந்த நாளைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று எழுதினால் எண்ணைச் சொல்கிறேன்.

கேள்வி: அந்த 20 பேரில் புரோகிதர், வெட்டியான், அமரர் ஊர்தி ஓட்டுநர் எல்லாரும் சேர்த்தியா?

நல்ல கேள்வி. 2020 மார்ச் உத்தரவில் 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று ஒரே வரிதான் இருந்தது. யார் சேர்த்தி, யார் சேர்த்தியில்லை என்ற விளக்கம் அதில் இல்லை. விளைவு, ஒரு ஸ்டேஷனில் வேலைக்கு வந்தவர்களைக் கழித்துவிட்டு எண்ணினார்கள், பக்கத்து ஸ்டேஷனில் எல்லாரையும் சேர்த்து எண்ணினார்கள். இந்த மாதிரி நேரத்தில் பெயர்ப் பட்டியலை எழுதி, ஸ்டேஷனில் ஒரு நகலைக் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்வதுதான் நல்லது.

கேள்வி: பிணத்திலிருந்து தொற்று பரவும் என்றுதானே கட்டுப்பாடே? அப்புறம் 20 பேரை மட்டும் எதற்கு விட்டார்கள்?

இரண்டு நோய்களைப் போட்டுக் குழப்புகிறீர்கள். 2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா வந்தபோது இறந்தவரின் உடலே பெரிய ஆபத்து. குளிப்பாட்டுவதும் தொடுவதும் ஊர் ஊராக நோயைக் கொண்டுபோயின. அதனால்தான் பயிற்சி பெற்ற அடக்கக் குழுக்களை அனுப்பினார்கள். கொரோனாவில் சிக்கல் உயிரோடு இருப்பவர்களால்: கட்டிப்பிடித்து அழுவது, ஒரே வேனில் நெருக்கி உட்காருவது, சேர்ந்து சாப்பிடுவது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஆல்பனி என்ற சின்ன ஊர், 2020 பிப்ரவரிக் கடைசியில் நடந்த ஓர் இறுதிச் சடங்குக்குப் பிறகு நாட்டிலேயே மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்றாக ஆனது. அப்போது அங்கே கட்டுப்பாடு எதுவும் இல்லை.

நம் சுகாதார அமைச்சகம் 2020 மார்ச் 15-ல் தந்த வழிகாட்டுதலைப் படித்துப் பாருங்கள். பையைத் திறந்து முகம் பார்க்கலாம், உடலைத் தொடாமல் சடங்கு செய்யலாம், அஸ்தியால் ஆபத்து இல்லை என்று தெளிவாக இருக்கிறது. குளிப்பாட்டக்கூடாது, முத்தமிடக்கூடாது, பெருங்கூட்டம் கூடாது. இதைப் படிக்காமலேயே பல இடங்களில் மகனைக்கூட முகம் பார்க்க விடவில்லை. அது சட்டம் சொன்னதல்ல, பயம் சொன்னது.

கேள்வி: ஆயிரக்கணக்கில் கூடியபோது போலீஸ் ஏன் தடியடி நடத்திக் கலைக்கவில்லை? கையாலாகாத்தனம்தானே?

நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுதிய கேள்வி. இடைவெளி விட்டு நிற்கச் சொல்லும் இடத்தில் தடியைச் சுழற்றினால் கூட்டம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடும். எந்தத் தொற்றைத் தடுக்கப் போனோமோ அதை நாமே பரப்பியதாக ஆகும். நடுவில் பாடை, அழுகிற பெண்கள், குழந்தைகள். கூட்டம் கூடிய பிறகு செய்ய முடிந்தது மூன்றுதான்: புதிதாக ஆள் வராமல் வெளிவட்டத்தில் தடுப்பு வைப்பது, சடங்கைச் சீக்கிரம் முடிக்கச் சொல்வது, வீடியோ எடுப்பது.

உண்மையான வேலை முந்தின இரவே. பெரிய மனிதர் ஒருவர் கவலைக்கிடம் என்ற செய்தி வந்ததுமே குடும்பத்தில் முடிவெடுக்கிற ஆளைக் கண்டுபிடித்துப் பேச வேண்டும், ஊர்வலப் பாதையைச் சுருக்க வேண்டும், வண்டிகளை மாவட்ட எல்லையில் நிறுத்த வேண்டும். வங்கதேசத்தின் பிராமன்பாரியாவில் 2020 ஏப்ரல் 18-ல் ஒரு மதத் தலைவரின் இறுதித் தொழுகைக்கு ஒரு லட்சம் பேர் போலக் கூடினார்கள். அந்தக் கூட்டத்தை எந்தத் தடியும் நிறுத்தியிருக்காது. உள்ளூர் ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியைப் பணியிலிருந்து விலக்கினார்கள். தலை உருளும்போது எப்போதும் கீழே இருப்பவன் தலைதான்.

கேள்வி: எங்கள் அப்பாவுக்குப் பத்துப் பேர்தான் வர முடிந்தது. அரசியல்வாதி செத்தால் மட்டும் ஊரே போகிறது. சட்டம் யாருக்கு?

எனக்கும் ஆறாத விஷயம் இது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் ஊர் உதாரணம் சொன்னால் கட்சிச் சண்டையாகிவிடும். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் போவோம். 2020 ஜூன் 30-ல் அங்கே பாபி ஸ்டோரி என்ற மூத்த குடியரசுவாதிக்கு (வட அயர்லாந்து பிரிட்டனை விட்டு அயர்லாந்தோடு சேர வேண்டும் என்கிற தரப்பு) இறுதி ஊர்வலம். வெளியில் 30 பேர் கூடலாம் என்றிருந்த காலம். தெருக்களில் திரண்டவர்கள் 2,000 பேர் போல. அந்த விதிகளைப் போட்ட அரசின் துணை முதலமைச்சர் மிஷல் ஓநீலும் அதில் ஒருவர்.

காவல்துறை விசாரித்தது. 24 அரசியல்வாதிகளின் பெயர்கள் அரசு வழக்குத் துறைக்குப் போயின. 2021 மார்ச் 30-ல் முடிவு வந்தது: யார் மீதும் வழக்கு இல்லை. காரணம் இரண்டு. ஒன்று, விதிகளை அதற்குள் 9 முறை திருத்தியிருந்தார்கள், அந்தத் தேதியில் எது சட்டம் என்றே தெளிவாக இல்லை. (தேதி, தேதி என்று நான் ஏன் புலம்புகிறேன் என்று இப்போது புரிகிறதா?) இரண்டாவது, ஏற்பாட்டாளர்கள் காவல்துறையிடம் முன்கூட்டியே பேசியிருந்தார்கள். போலீஸ் ஆட்சேபிக்காமல் பேசிய ஏற்பாட்டைக் குற்றம் என்று பிறகு நீதிமன்றத்தில் எப்படி நிறுவுவது?

முன்கூட்டிப் பேசு என்று மேலே நானே சொன்னேன். ஆனால் பேசினால் மட்டும் போதாது. பிரிட்டிஷ் போலீஸ் அந்த நாட்களில் நான்கு படி வைத்திருந்தது: பேசு, விளக்கு, ஊக்குவி, கடைசியில் நடவடிக்கை எடு. பெல்ஃபாஸ்ட்டில் முதல் படியிலேயே நின்றுவிட்டார்கள். காவல்துறையின் செயல்பாட்டை ஆராயும் தனி அமைப்பு 2021 மே மாதம் தந்த அறிக்கை, ஒருதலைச் சார்பு இல்லை என்றது. ஆனால் விதி என்ன என்பதை ஏற்பாட்டாளர்களுக்கு இன்னும் தெளிவாக விளக்கியிருக்க வேண்டும் என்றும் சொன்னது. பாதை எது, வண்டி எங்கே நிற்கும் என்றெல்லாம் பேசிவிட்டு, எத்தனை பேர் என்பதை மட்டும் பேசாமல் விட்டால் அது பந்தோபஸ்து ஆகாது, வழித்துணை.

என் கோபம் இன்னொரு இடத்தில். அதே நாளில் ரோஸ்லான் தகன மையத்தில் வேறு எட்டுக் குடும்பங்களின் தகனமும் நடந்தது. ஸ்டோரியின் குடும்பத்துக்குக் கிடைத்த சலுகை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பிறகு நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தகனம் ஒருமுறைதானே. கூட்டத்தால் நோய் எவ்வளவு பரவியது என்று அளக்கலாம், வாதாடலாம். விதிக்குப் பணிந்து பத்துப் பேரோடு அப்பாவை அனுப்பியவர், அடுத்த வாரம் தொலைக்காட்சியில் 2,000 பேரைப் பார்க்கும்போது அவருக்குள் உடைவதை யாரும் அளப்பதில்லை. அவர் அடுத்த விதிக்குப் பணிய மாட்டார். பெரியவர் ஊர்வலத்தைக் கண்டுகொள்ளாமல் விட்ட இன்ஸ்பெக்டருக்கு அடுத்த நாள் சின்னத் துக்க வீட்டு வாசலில் நிற்க என்ன முகம் இருக்கும்?

கேள்வி: ஜல்லிக்கட்டுக் காளையின் இறுதிச் சடங்குக்குக் கூடிய 3,000 பேர் மீது வழக்கு என்று படித்தேன். எத்தனை பேர் சிறைக்குப் போனார்கள்?

2020 ஏப்ரல், அலங்காநல்லூர் பக்கம் முடுவார்பட்டி. இந்த '3,000 பேர் மீது வழக்கு' என்பதைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வரும். பெயர் தெரியாத 3,000 பேரைச் சேர்த்த எஃப்ஐஆர் செய்தித்தாளுக்குத் தலைப்பாகும், நீதிமன்றத்தில் நிற்காது. அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 188-ல் (அரசு அதிகாரியின் உத்தரவை மீறுவது) ஒரு முட்டுக்கட்டை உண்டு. உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்துப்பூர்வமாகப் புகார் தந்தால்தான் நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளும்; குற்றவியல் நடைமுறைச் சட்டம் 195 அப்படிச் சொல்கிறது. போலீஸ் தானே எஃப்ஐஆர் போட்டுத் தானே குற்றப்பத்திரிகை கொடுத்தால் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. தெரிந்தும் லட்சக்கணக்கில் போட்டார்கள். கடைசியில் 2021 பிப்ரவரியில் 10 லட்சம் போல ஊரடங்கு வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக அன்றைய முதல்வர் அறிவித்தார், வன்முறை மற்றும் இ-பாஸ் மோசடி வழக்குகளைத் தவிர. இப்போது எண்களும் மாறிவிட்டன: 2024 ஜூலை 1 முதல் 188-க்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா 223. இங்கேயும் தேதியைப் பார்த்தே பிரிவைச் சொல்லுங்கள்.

கேள்வி: காளைக்கும் 20 பேர் கணக்கு உண்டா?

இல்லை. 20 என்பது மனிதர் சாவுக்குக் கிடைத்த சலுகை. தமிழ்நாட்டில் 144 போட்ட அந்த நாட்களில் மற்ற எதற்கும் ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது.

கேள்வி: நியூயார்க் மேயர் நேரில் போய்க் கூட்டத்தைக் கலைத்தாராமே, நம் ஆட்கள் அப்படிச் செய்யலாமே?

2020 ஏப்ரல் 28, புரூக்ளினில் வில்லியம்ஸ்பர்க். போனார், சரி. உடனே ஒரு சமூகத்தையே பெயர் சொல்லி எச்சரித்து ட்விட்டரில் எழுதினார், அப்புறம் வருத்தம் தெரிவித்தார். கூடியவர்களைச் சொல்லலாம், அவர்கள் பிறந்த சமூகத்தைச் சொல்லக்கூடாது. பின்பற்ற வேண்டிய உதாரணம் இல்லை.

கேள்வி: கூட்டம் கூடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். புதைக்க விடாமல் கூடிய கூட்டத்தை என்ன செய்வது?

2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவரின் உடலோடு வந்தவர்கள் மீது கல்லெறிந்தார்களே, அதைக் கேட்கிறீர்கள். அங்கே பேசு, விளக்கு என்ற படியெல்லாம் கிடையாது, நேராக நடவடிக்கைதான். அந்த மாதமே தமிழ்நாடு அவசரச் சட்டம் கொண்டுவந்தது: அறிவிக்கப்பட்ட நோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுத்தால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு சிறை. போலீஸ் பாதுகாப்போடு உடலைக் கொண்டுபோவதும், வதந்தி கிளம்பும் முன்பே அந்தத் தெருவில் போய்ப் பேசுவதும் ஸ்டேஷன் பொறுப்பு.

கேள்வி: இன்ஸ்பெக்டர் வாய்மொழியாகச் சரி என்றார், பிறகு வழக்குப் போட்டுவிட்டார். என்ன செய்யலாம்?

எந்தத் தேதியில் சொன்னார், எத்தனை பேருக்குச் சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள்.