கிணறு யாருடையது?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். வாடிப்பட்டிக்கு அருகே, சிறுமலை அடிவாரத்தில் எங்கள் கிராமம் இருக்கிறது. இதழியல் முதுகலை முடித்து ஓராண்டு ஆகிறது. சென்ற மாதம் மலையிலிருந்து இறங்கிய காட்டெருமை ஒன்று தோட்டத்துக் கிணற்றில் விழுந்துவிட்டது. விடியற்காலையில் ஓடிப்போய்ப் பார்த்தபோது அது நீந்திக் களைத்து, முன்னங்கால்களைப் பாறை விளிம்பில் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதன் கண்களை என்னால் மறக்க முடியவில்லை. தீயணைப்புத் துறையினரும் வனத்துறையினரும் வருவதற்குள் இறந்துவிட்டது. நான் எடுத்த படங்களை இரண்டு நாளிதழ்களுக்கு அனுப்பினேன். ஒன்றில் மட்டும், என் பெயரில்லாமல், நான்கு வரிச் செய்தியாக வந்தது.

வனவிலங்குப் பாதுகாப்பைப் பற்றி எழுதும் செய்தியாளராக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் எங்கள் பக்கம் எழுத எதுவுமில்லை. முதுமலை, ஆனைமலை என்று போனால்தான் முடியும் போலிருக்கிறது. இல்லாவிட்டால் அரிட்டாபட்டியைப் போல ஒரு பெரிய போராட்டம் வரவேண்டும். எந்தக் கேமரா வாங்கலாம்? ஆங்கிலத்தில் எழுதுவதா, தமிழிலா? இதை வைத்துப் பிழைக்க முடியுமா? அப்பா வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார்.

க., வாடிப்பட்டி

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் பழைய குறிப்பேடுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்றில், நத்தம் பக்கத்துக் கிணறு ஒன்றை நானே கோடு போட்டு வரைந்து, ஆழம், அகலம், விளிம்பில் மண்டியிருந்த செடிகள், அங்கிருந்து மலைக்குச் செல்லும் தடம் எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்த பக்கம் கிடைத்தது. அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவளுக்கு உங்கள் கிணறு வந்து சேர்ந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் அந்த மாட்டின் கண்கள் இருக்கின்றன, அதன் மூச்சு இருக்கிறது, உங்கள் துக்கமும் இருக்கிறது. அந்தத் துக்கத்தை நான் மதிக்கிறேன், அது இல்லாதவர் இந்த வேலைக்கு வரவே கூடாது. ஆனால் கிணறு யாருடையது என்று ஒரு சொல் இல்லை. எத்தனை அடி ஆழம், சுற்றுச்சுவர் இருந்ததா, அதில் கடைசியாக எந்த ஆண்டு நீர் இறைத்தார்கள், அந்த மாடு எந்தத் தண்ணீரைத் தேடி எந்த வழியாக இறங்கியது, எதுவுமே இல்லை. இதழியலில் முதுகலை முடித்த ஒருவர், தம் ஊரில், தம் கண்முன் நடந்த சாவைப் பற்றி இவ்வளவுதான் தெரிந்து வைத்திருக்கிறார் என்றால், முதுமலைக்குப் போய் என்ன செய்யப் போகிறார்?

கடுமையாகப் பேசுகிறேன் என்றால், இதே தவற்றை நான் செய்து, அதற்கான விலையை வேறொருவர் கொடுத்ததைப் பார்த்தவள் என்பதால்தான்.

2003ஆம் ஆண்டுக் கோடை. மழை பொய்த்த காலம். நத்தத்துக்கு இந்தப்பக்கம், அழகர்மலைச் சரிவை ஒட்டிய ஒரு மாந்தோப்பில் காட்டுமாடு (நீங்கள் காட்டெருமை என்று எழுதியிருப்பது இதைத்தான்) கிணற்றில் விழுந்துவிட்டது என்று அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. நான் அப்போது ஒரு நாளிதழின் மதுரைப் பதிப்பில் மாநகராட்சியும் நீதிமன்றமும் பார்த்துக்கொண்டிருந்தேன். வனவிலங்குகளுக்கென்று தனி நிருபர் எங்கள் அலுவலகத்தில் கிடையாது, விருப்பமுள்ளவர் ஓடலாம் என்பதுதான் ஏற்பாடு. நாங்கள் போனபோது காட்டுமாட்டுப் பசு ஒன்று மார்பளவு நீரில் நின்றிருந்தது. கிணற்றின் ஒரு பக்கம் சரிந்துகிடந்த மண்ணோடு சறுக்கி விழுந்திருந்ததால் கால் முறியவில்லை. அந்தச் சரிவையே பொக்லைன் வைத்து மேலும் வெட்டிப் பாதையாக்கி, கூடியிருந்தவர்களைத் தோப்புக்கு வெளியே அனுப்பி, மிச்சமிருந்தவர்கள் பேச்சை நிறுத்திக் காத்திருக்க, மாலை ஐந்து மணிக்குமேல் அது தானாக ஏறி வந்து மலையைப் பார்த்து ஓடியது. நான் அழுதுவிட்டேன். அந்த ஈரம் காயுமுன் எழுதிக் கொடுத்த செய்தி, படத்துடன் அரைப்பக்கம் வந்தது. கிணற்றைப் பற்றி அதில் ஒரே ஒரு தொடர்தான் இருந்தது: ‘கைப்பிடிச் சுவர் இல்லாத ஆபத்தான கிணறு’. கூடவே ஊர்ப்பெயரும் உரிமையாளர் பெயரும்.

மூன்று வாரம் கழித்து அந்தக் கிணற்றுக்குச் சொந்தக்காரர், அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி, நத்தம் பேருந்து பிடித்து மாட்டுத்தாவணியில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மடித்த செய்தித்தாள் கையில் இருந்தது. அந்த ஒரு தொடரைக் காரணமாகக் காட்டி ஓர் அலுவலகம் அவரை நான்கு முறை வரவழைத்து விசாரித்திருந்தது. சுவர் எழுப்புவதற்காக இரண்டு ஆடுகளை விற்றிருந்தார். அவர் என்னைத் திட்டவில்லை. “மாட்டப் பத்தி அம்புட்டு எழுதிருக்கியே தாயி, அது எதுக்குக் கீழ எறங்குச்சுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல, அத ஏன் எழுதல?” என்று மட்டும் கேட்டார்.

உண்மையில் அவர் சொல்லியிருந்தார். என் குறிப்பேட்டிலும் இருந்தது. மலையடிவாரத்தில் மழைநீர் தேங்கும் குட்டை ஒன்றின் கரை உடைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. குட்டையில் தண்ணீர் நின்ற காலத்தில் மாடுகள் அங்கேயே குடித்துவிட்டுத் திரும்பிவிடும், தோப்புக்குள் இறங்கியதில்லை. இதெல்லாம் செய்தியாகாது என்று நானே முடிவு செய்து விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகளில் ஐந்து முறை அந்த ஊருக்குப் போனேன். நான் எழுதியவை மூன்று சிறு செய்திகள், மூன்றும் உள்பக்கத்தில்; கரையை அடைக்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர் அந்தப் பெண்மணி. மூன்றாம் ஆண்டு ஆடியில் கரை அடைபட்டது. வனவிலங்குச் செய்தியாளராக என் வாழ்வில் நடந்தது என்று நான் சொல்லக்கூடியவற்றுள் அதற்குத்தான் முதலிடம் தருவேன். ஆனால் அதில் விலங்கே வரவில்லை. குட்டை, கரை, கிணறு, ஆடு விற்ற பணம், இவைதான் வந்தன.

கிணறு யாருடையது என்று கேட்டுப் பாருங்கள், பிறகு எவ்வளவு திறக்கிறது என்று தெரியும். நம் பக்கத்துப் பாசனக் கிணறுகள் பாறையை வெட்டி இறக்கிய அகலமான கிணறுகள். மாடு பூட்டி நீர் இறைக்கும் கமலை ஓடிய காலத்திலும், அதன்பின் மோட்டார் ஓடிய காலத்திலும் அவற்றைச் சுற்றி நாளெல்லாம் மனித நடமாட்டம் இருந்தது. விளிம்பு சுத்தமாக இருந்தது. விலங்குகள் விலகிப் போயின. ஆழ்துளைக் கிணறுகள் வந்து நிலத்தடி நீர் கீழே போனபின் பல கிணறுகள் கைவிடப்பட்டன. யாரும் போகாத கிணற்றின் விளிம்பைப் புதர் மூடுகிறது. மனிதருக்கு அஞ்சி இரவில் மேய வரும் காட்டுமாட்டுக்கு, கோடையில் தண்ணீரை விட்டு வெகுதூரம் விலக முடியாத அந்த உயிருக்கு, அந்தப் புதரும் மற்ற புதரைப் போன்றதுதான். வளர்ந்த காளை ஒரு டன் எடையைத் தொடக்கூடியது. கால் வைத்த மண் பெயர்ந்தால் முடிந்தது. இன்னொன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற விலங்குகளின் வரிசையில் இருக்கும் விலங்கு அது. தம் கிணற்றில் அது செத்துக் கிடந்தால் வழக்கு வருமோ என்று அஞ்சி உரிமையாளர் வாயைத் திறக்கமாட்டார். அந்த அச்சத்தைப் போக்கி அவரைப் பேசவைப்பதுதான் நம் வேலையின் கடினமான பகுதி. நீங்கள் ஒரு காலைப்பொழுது முழுதும் அங்கே நின்றிருக்கிறீர்கள். அவரிடம் ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை.

எழுத எதுவுமில்லை, அரிட்டாபட்டியைப் போலப் போராட்டம் வரவேண்டும் என்கிறீர்கள். இதைப் படித்தபோது உண்மையாகவே வருந்தினேன். போராட்டத்தை மட்டும் பார்த்திருக்கிறீர்கள், அதற்கு முன்னால் நடந்ததைப் பார்க்கவில்லை. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலப்பகுதி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 250 பறவையினங்களின் கணக்கு கையில் இருந்தது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளி என்று பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட வேட்டைப் பறவைகளும் அதில் அடக்கம். பறவைகளோடு நிறுத்தவும் இல்லை. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள், 3 தடுப்பணைகள் என்று தண்ணீரையும் எண்ணியிருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் செய்தி வந்தது. 2025 ஜனவரி 7ஆம் தேதி மேலூர்ப் பக்கத்து மக்கள் திரண்டு மதுரையை நோக்கி வந்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அதே மாதம் 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. திரண்ட மக்களின் பலம் பெரிது. ஆனால் இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்ல முடிந்ததே, அது யாரும் கேட்காத காலத்தில், கேமரா வராத காலத்தில், அதிகாலைகளில் கண்மாய்க் கரையில் நின்று எழுதி வைத்தவர்கள் தந்த பலம். சிறுமலை அடிவாரத்தில் உங்கள் ஊர்க் கிணறுகளின் கணக்கு யாரிடம் இருக்கிறது?

பெயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். காட்டெருமை என்று எழுதியிருக்கிறீர்கள். நாளிதழ்களும் அப்படித்தான் எழுதுகின்றன. உங்கள் வீட்டில் அப்பா என்ன சொல்வார்? காட்டுமாடு என்றுதான் சொல்லியிருப்பார். அவர் சொல்வதுதான் சரி. காட்டெருமை வேறு விலங்கு. அது அசாமிலும் சத்தீஸ்கரிலும் இருக்கிறது, தமிழ்நாட்டுக் காடுகளில் இல்லை. இங்கே இருப்பது பசுவின் உறவு, எருமையின் உறவு அன்று. சங்கத் தமிழில் அதற்கு ஆமா என்று பெயர். திருமுருகாற்றுப்படை முடிகிற இடத்தில் பழமுதிர்சோலை அருவி இறங்கி வரும்போது கரிய கொம்புடைய ஆமாவின் காளை முழங்குகிறது. பழமுதிர்சோலையை அழகர்மலையில் வைத்து வணங்குகிறோம். 2003இல் நான் பார்த்த பசு அந்த மலையிலிருந்து இறங்கியதுதான். பெயர் போனால் இவ்வளவும் போய்விடுகிறது, தம்பி. ஊரார் வாயில் சரியான பெயர் இருக்க, பட்டம் பெற்ற நாம் தவறான பெயரை அச்சிட்டு அவர்களுக்கே திருப்பித் தருவது எனக்குப் பொறுக்க முடியாத காரியம்.

மற்றவற்றுக்குச் சுருக்கமாக. தமிழில் எழுதுங்கள், கிணற்றுக்காரரும் வனக்காவலரும் படிக்கவேண்டும். பிழைப்பைப் பற்றி அப்பா சொல்வதைக் கேளுங்கள், வங்கித் தேர்வை எழுதுங்கள். இதில் எந்த இழிவும் இல்லை. இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் 1940களில் சந்தூர் சமஸ்தானத்தில் ஆசிரியர் முதல் பல வேலைகளைப் பார்த்தவர். 1950இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் இறக்கும்வரை, 46 ஆண்டுகள் எழுதினார். புலியையும் யானையையும் எழுதிய அதே அக்கறையோடு வீட்டோரத்து அணிலையும் மைனாவையும் எழுதினார். சிறுமலையைக் கண்முன் வைத்துக்கொண்டு எழுத எதுவுமில்லை என்று சொல்லும்போது அவரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயர் அச்சில் வராதது தவறுதான், ஆனால் அதைப் பற்றி இப்போது வருந்தவேண்டாம்.

கேமரா வாங்கவேண்டாம். கையிலிருக்கும் போன் போதும். ஐம்பது அடி அளவுநாடா ஒன்று வாங்கி, வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்துக்கு மறுபடி போங்கள். கிணற்றுக்காரரிடம், யாரிடமும் பெயரைச் சொல்லமாட்டேன் என்று முதலிலேயே உறுதி சொல்லிவிட்டு உட்காருங்கள்; அவர் விவசாயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நடுவில் மாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். பிறகு மலைப்பக்கம் நடந்து, முதல் தண்ணீர் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். கிடைத்ததை எழுதி அனுப்புங்கள், இங்கேயே உங்கள் பெயரோடு வெளியிடுகிறேன். அந்தப் படங்களையும் அனுப்பி வையுங்கள். இறந்தது காளையா, பசுவா என்று நீங்கள் எழுதவில்லை. பசுவென்றால் மடியைப் பார்க்கவேண்டும், கன்று ஒன்று அந்தப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கலாம்.

அன்புடன்.