மூச்சுப் பயிற்சிக் கருவியா? குறைந்தபட்ச எண்ணைக் கேளுங்கள்

கேள்வி: என் மகனுக்கு டுஷேன் தசைச்சிதைவு நோய். மூச்சுத் தசையைப் பலப்படுத்தும் என்று மூன்று பந்துக் கருவியைத் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று மாதமாகியும் பலனில்லை.

பதில்: ஏமாற்றியது அவர்கள், நீங்கள் மனம் நோகாதீர்கள் அம்மா. பந்துக் கருவி, அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் ஆழமாக மூச்சிழுத்துப் பழகுவதற்கு. அதில் தசைக்குச் சொல்லும்படி பாரம் ஏறாது. விளம்பரத்தில் அப்படி எழுதியிருந்தால் படமெடுத்து அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: எந்த வகை வாங்கலாம்? ‘அதிகபட்ச பாரம் இதில்தான்’ என்கிறார் கடைக்காரர்.

பதில்: இந்த ‘அதிகபட்சம்’ என்ற பேச்சே எனக்கு ஆகாது. என் அண்ணனுக்கு ஏ.எல்.எஸ். (தசைகளை இயக்கும் நரம்புகள் சிதையும் நோய்) வந்தபோது, மூச்சிழுக்கும் துளையைத் திருகிச் சிறிதாக்கும் குழாய் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மாதக் கடைசியில் ஆகச் சிறிய துளையிலும் இழுத்துவிட்டார், வீடே சந்தோஷப்பட்டது. பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அண்ணன் மெதுவாக, மிக மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தார். அந்த வகையில் வேகம் குறைந்தால் பாரமும் குறைந்துவிடும்.

ஸ்பிரிங் வால்வு உள்ளதைப் பாருங்கள். வைத்த அழுத்தத்தை எட்டினால்தான் அது திறக்கும். ஆனால் அதற்கு முன், முழு பலத்தோடு மூச்சிழுத்தால் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று ஆஸ்பத்திரியில் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் அதில் 30 சதவீதம் அளவில் தொடங்குவார்கள். ஒருவரால் 20 சென்டிமீட்டர் நீர் (இந்த அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம்தான் முடியும் என்றால், தொடக்கம் 6. பரவலாக விற்கும் ஒரு வகையோ 9-இல் தொடங்கி 41 வரை போகும். அவருக்கு முதல் நாளே பாரம் கூடுதல்! அதிகபட்சத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். பலவீனமானவருக்கு வேண்டிய குறைந்தபட்சத்தை நாம்தான் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: ஒருவர் பயன்படுத்திய கருவி பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: மாமனாருக்கு ஏ.எல்.எஸ். மல்லாந்து படுக்க முடியவில்லை, காலையில் தலைவலி. டாக்டர் மாஸ்க் வைத்த சுவாச இயந்திரம் சொன்னார். அதற்குப் பதிலாகப் பயிற்சிக் கருவி வாங்கிவிட்டோம். போதும்தானே?

பதில்: போதாது. டாக்டர் சொன்னதை விட்டுவிட்டு விளம்பரத்தை நம்பியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய இரண்டும், இரவில் மூச்சு போதவில்லை என்பதற்கான அறிகுறிகள். பயிற்சி அந்த இயந்திரத்துக்கு ஈடாகாது. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பே, கொஞ்சம் பலன் இருக்கலாம், ஆனால் சோதனைகள் சிறியவை, சான்று வலுவில்லாதது என்றுதான் சொல்கிறது. இன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அவர் சொல்லும்வரை கருவியைப் பெரியவர் வாயில் வைக்காதீர்கள். களைத்த தசையை மேலும் களைக்க வைக்கலாம்.

கேள்வி: அக்காவுக்கு முதுகுத்தண்டுத் தசைச்சிதைவு. சளியை இருமித் துப்ப முடியவில்லை. இந்தக் கருவி உதவுமா?

பதில்: அதற்கு வழி வேறு. இருமலின் வேகத்தை அளக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு அது நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே இருந்தால், இருமல் உதவி இயந்திரம் பற்றியும், கையால் அழுத்தும் காற்றுப்பையால் மூச்சின் மேல் மூச்சாக அடுக்கி நிரப்பும் முறை பற்றியும் கேளுங்கள். இயந்திரம் என்றால் முதலில் வாடகைக்கு எடுங்கள். அக்காவின் முகத்தில் மாஸ்க் கசிவில்லாமல் உட்காருகிறதா என்று பார்த்த பிறகு வாங்கலாம்.